நிமிர்ந்து நிற்கும் கட்டடமும் மறைந்திருக்கும் செலவும்

அகத்தின் அழகு முகத்திலே தெரியும் என்பர். பூமியதிர்ச்சிக்கு உட்பட்ட உருக்குச் சட்டக் கட்டடங்களுக்கு இம்முதுமொழி பொருந்தாது.

1994ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் விடியுமுன், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நோர்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவான பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. பாலங்கள் சரிந்தன, வீடுகள் இடிந்தன. உருக்குச் சட்டத்தின்மேல் எழுப்பிய மாடிக் கட்டடங்களோ நிமிர்ந்து நின்றன. அவற்றிற் பெருஞ்சேதம் இல்லை என்றே முதலிற் கருதப்பட்டது.

ஆனால், கட்டிமுடியாதிருந்த சில கட்டடங்களில், விட்டமும் தூணும் கூடுமிடத்துப் பற்றவைப்புகள் பிளந்திருத்தல் கண்ணிற்பட்டது. பிற கட்டடங்களையும் திறந்து பார்த்தனர். நூற்றுக்கு மேற்பட்டவற்றில் இத்தகைய பிளவுகள் காணப்பட்டன. உருக்கு முறியுமுன் வளைந்துகொடுக்கும் என்பது பொறியியலாளரின் நம்பிக்கை. விட்டங்கள் வளையுமுன்னரே பொருத்துகள் முறிந்தமையால் அந்நம்பிக்கை தளர்ந்தது. அடுத்த ஆண்டு அதே நாளில் யப்பானின் கோபே நகரிலும் ஒத்த முறிவுகள் நேர்ந்தன.

இங்ஙனமாயின் பழுதுபார்க்கும் செலவை மதிப்பிடுவது எவ்வாறு? முறிந்த பொருத்துகளை எண்ணி, ஒன்றுக்குரிய கூலியாற் பெருக்கினாற் போதாது. ஒரு பொருத்தைப் பார்ப்பதற்கே உட்கூரையையும் சுவர் மூடலையும் அகற்றித் தீக்காப்புப் பூச்சைச் சுரண்டவேண்டும். பழைய பூச்சிற் கல்நார் கலந்திருப்பின் தனிப் பாதுகாப்பும் வேண்டும். குடியிருப்போர் வெளியேற வேண்டிவரலாம், வாடகை நின்றுபோகும். வேலை முடிந்தபின் அகற்றியவை யாவும் மீண்டும் அமைக்கப்படல் வேண்டும். அதிர்ச்சி நின்றபின்னும் கட்டடம் மிகுதியாகச் சாய்ந்திருப்பின், இடித்துக் கட்டுவதே சிக்கனமாகலாம்.

2012இல் அமெரிக்கக் கூட்டாட்சி அவசரகால முகாமை நிறுவனம் வெளியிட்ட முறை இவற்றைக் கருத்திற் கொள்கிறது. நிலம் எவ்வளவு அசையும், மாடிகள் எவ்வளவு ஆடும், அதனால் எவ்வுறுப்பு எந்த அளவுக்குப் பழுதுறும், அதைத் திருத்தப் பணமும் நாளும் எவ்வளவு செல்லும் என அது படிப்படியாகக் கணிக்கின்றது. இக்கணிப்பைக் கணினி பன்முறை நிகழ்த்தும். ஆதலின் விடை ஒற்றைத் தொகையன்று. இன்ன தொகைக்கு மேற்படும் வாய்ப்பு இவ்வளவு என்பதே விடை.

கட்டட விதிகளின் முதல் நோக்கம் உயிர்களைக் காத்தல். நோர்த்ரிட்ஜில் அந்நோக்கம் இக்கட்டடங்களைப் பொறுத்தவரை நிறைவேறியது. பொருளிழப்பைத் தடுப்பதாக அவ்விதிகள் வாக்களிக்கவில்லை. எனினும், கண்ணளவில் மதிப்பிட்டுச் செலவைக் குறைப்பவர், காணாத பிளவுகளை அடுத்த அதிர்ச்சிக்கு விட்டுவைக்கின்றார். அப்பொழுது இழக்க நேர்வது பணம் மட்டுமாக இராது.