உழைச்செல்வான்



பத்தாம் ஆண்டு விழாவில் இலக்கியம் பேசப் பணித்தீர்கள். குறளிலிருந்தே தொடங்குகிறேன். ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து மருந்து ஊட்டுபவனையும் மருத்துவனோடு சேர்த்தே அவர் எண்ணுகிறார். அவனுக்கு வேண்டிய இயல்புகளுள் நோயாளியிடத்து அன்புடைமையைப் பரிமேலழகர் வைக்கிறார்.

இதனை வகுப்பில் பல்லாண்டுகள் பெருமையோடு நடத்தினேன். என்னிடம் ஓராண்டு தமிழ் பயின்று, பின் செவிலியரான மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்தாள். “அம்மா, முன்பெல்லாம் ஒரு நோயாளி இறந்தால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. இப்போது விரிப்பை மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறேன். நான் கெட்டவளாகிவிட்டேனா?” என்றாள். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். அவளுடைய நிலைக்குப் பெயர் இருக்கிறது. 1992இல் கார்லா ஜாயின்சன் செவிலியர் பற்றிய கட்டுரையொன்றில் அதனைக் குறித்தார். 1995இல் சார்லஸ் ஃபிக்லி தனி நூலாகவே விரித்தார். நான் ‘பரிவுச் சோர்வு’ என்று தமிழாக்கினேன். கவிஞர்கள் இதனினும் நல்ல சொல் தந்தால் மகிழ்வேன். பிறர் துன்பத்தை நாள்தோறும் ஏற்று ஏற்று உள்ளம் மரத்துப்போவது அது. பணிச்சலிப்பு எவருக்கும் வரலாம்; இதுவோ பரிவு கொண்டவரையே தேடி வருகிறது. அதே பணி தரும் மனநிறைவையும் ஆய்வாளர்கள் உடன்வைத்தே அளக்கிறார்கள். இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கக் கூடியவை.

எடுத்துக்காட்டுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டா. தாம்பரம் சானடோரியத்தை மருத்துவர் சௌரிமுத்து 1928இல் தொடங்கினார். (இங்கிலாந்தில் கணிதமேதை இராமானுஜன் தங்கிச் சிகிச்சை பெற்ற மெண்டிப் மலை இல்லமும் இவர் நடத்தியதே.) 1937இல் அதனை அரசு ஏற்றது. காசநோய்க்கென எழுந்த அம்மனை 1993 முதல் எய்ட்ஸ் நோயாளிகளையும் ஏற்கத் தொடங்கியது. தொடவே பலர் அஞ்சிய காலம் அது. வைரசை அடக்கும் கூட்டு மருந்துகள் பின்னர் வந்தபோதும், அவற்றின் விலை ஏழைக்கு எட்டவில்லை. உடலைத் துடைப்பது, கஞ்சி புகட்டுவது, இறுதியில் கண்ணை மூடுவது ஆகியவையே பல வேளைகளில் உழைச்செல்வாரால் இயன்றவை. 2004 ஏப்ரலில் அரசு அம்மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் ஒன்றாகத் தாம்பரம் அமைந்தது. படுக்கையிலிருந்து எழுந்தவர்கள் மாத்திரை வாங்கத் தம் காலால் நடந்துவந்தார்கள். அந்நடையைக் கண்ட செவிலியருக்குக் கிடைத்த நிறைவை எந்த அறிவுரையும் தந்திருக்காது என்று கருதுகிறேன்.

இங்கே மணிமேகலை நினைவுக்கு வருகிறது. அமுதசுரபி பெற்ற ஆபுத்திரன், நாடெங்கும் மழை பெய்து வளம் கொழித்து, ஏற்பார் இல்லாதுபோனதும் கலங்கினான். ஆளில்லா மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான். ஈகையின் பெருமை என்றே இதனை நடத்தி வந்தேன். கொடுப்பவனுக்கும் ஒரு பசி உண்டு என்பது மாணவி வந்துசென்ற பிறகே எனக்குப் பட்டது. பாத்திரம் வற்றாதது; ஏந்திய கையும் அப்படித்தானா என்று நாம் கேட்டதில்லை.

கவிஞர்களிடம் எனக்கொரு குறை உண்டு. செவிலியரை ‘அன்னை’ என்றும் ‘தெய்வம்’ என்றும் பாடுகிறோம். தெய்வத்துக்கு உறக்கம் எதற்கு, ஊதியம் எதற்கு? ஓர் இரவில் ஒருத்தி எத்தனை கட்டில்களைப் பார்க்கிறாள் என்பது எந்தக் கவிதையிலும் வருவதில்லை. நானும் அப்படி எழுதியவள்தான்.

“நீ கெட்டவள் அல்லை, களைத்திருக்கிறாய்” என்று அவளுக்குக் கடிதம் எழுத எனக்கு மூன்று மாதமாயிற்று. இன்றைய கூட்டத்திற்கு அழைத்திருந்தேன். இரவுப் பணியாம், விடுப்புக் கிடைத்தால் அடுத்த கூட்டத்திற்குக் கோவளம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.