டிசம்பர் 18: குறை நாளிலா, நம்மிடமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய மன்றத்தில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'வரலாற்றில் ஒரு நாள்'. நாட்காட்டியில் ஏதாவது ஒரு தேதியை எடுத்துக் கொள்ளுங்கள், அந்தத் தேதியில் மழையும் காற்றும் என்னென்ன செய்திருக்கின்றன என்று பேசுங்கள் என்றார்கள். நான் தேடித் திரியவில்லை. என் மனத்தில் ஏற்கெனவே ஒரு தேதி இருந்தது. டிசம்பர் 18.

2021ஆம் ஆண்டு, டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்த யாரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை சனிக்கிழமையும் விடவில்லை. சுங்கை பூலோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, கால்வாயில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக் கொண்டிருந்தேன். அப்போது ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்து என் சித்தப்பா போன் செய்தார். "தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சும்மா" என்றார். "சித்தியைக் கூட்டிக்கிட்டு உடனே கிளம்புங்க சித்தப்பா" என்றேன். "இருபது வருஷமா இந்த வீட்ல இருக்கேன். பார்க்காத தண்ணியா? வடிஞ்சிடும்" என்றார்.

வடியவில்லை. அன்றிரவு இருவரும் மாடியில் ஏறி உட்கார்ந்தார்கள். மின்சாரம் இல்லை. கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் இரண்டு போத்தல் தண்ணீரும்தான். சித்தியின் இனிப்புநீர் மாத்திரை கீழே சமையலறையில் தண்ணீருக்குள் கிடந்தது. திங்கட்கிழமை காலையில், யாரென்றே தெரியாத இளைஞர்கள் படகு கொண்டு வந்து இருவரையும் மீட்டார்கள்.

நேயர்களே, இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? செய்தி வாசிப்பதும் என் தொழில்தான். வெள்ளிக்கிழமை இரவு மழைச் செய்தியை வாசித்ததும் நான்தான். நாடு முழுவதற்கும் வாசித்தேன், சித்தப்பாவுக்கு ஒரு போன் போடவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்தத் தேதியை என் மனத்தில் எழுதி வைத்தது.

கோலாலம்பூரில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். அந்த வார இறுதியில், ஒரு மாதத்திற்கான சராசரி மழையை விட அதிகமாக ஒரே நாளில் கொட்டியது. அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாடு தழுவிய அளவில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். புள்ளிவிவரத் துறை கணக்கிட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட்.

இதே தேதியை வேறு ஆண்டுகளில் புரட்டிப் பார்ப்போம்.

2006 டிசம்பர் 18, 19 ஆகிய நாட்களில் ஜொகூரில் பெருமழை தொடங்கியது. கோத்தா திங்கி பட்டணம் மூழ்கியது. வீட்டைக் கழுவி முடிப்பதற்குள், 2007 ஜனவரியில் மீண்டும் மூழ்கியது. இந்த இரு வெள்ளத்திலும் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டுத் துயர் துடைப்பு மையங்களுக்குப் போனார்கள்.

அடுத்து நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டுக்குப் போவோம். 2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை. அன்று காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே இவ்வளவு இல்லை. தாமிரபரணி கரை புரண்டது. முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா இல்லையா என்று பிறகு பெரிய வாதமே நடந்தது.

இன்னும் பின்னால் போனால் 1944 டிசம்பர் 18. இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த காலம். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே பசிபிக் கடலில், அட்மிரல் ஹால்சியின் தலைமையில் சென்ற அமெரிக்கக் கடற்படை ஒரு கடும் புயலுக்குள் மாட்டிக் கொண்டது. மூன்று போர்க்கப்பல்கள் கவிழ்ந்து மூழ்கின. சுமார் 790 பேர் மாண்டார்கள். எதிரியின் ஒரு குண்டுகூட அவர்கள் மேல் விழவில்லை. கொன்றது காற்றும் அலையும்தான்.

அப்படியானால் டிசம்பர் 18 இராசியில்லாத நாளா? பஞ்சாங்கத்தைப் பார்த்து அன்று வீட்டுக்குள்ளேயே இருந்து விடலாமா? வீட்டுக்குள் இருந்தவர்களைத்தானே வெள்ளம் பிடித்தது!

நாளில் குறை இல்லை. டிசம்பர் நடுப்பகுதி என்பது மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள் ஆன நேரம். வடகிழக்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் காலம். வடக்கே ஆசியக் கண்டத்தில் இருந்து கிளம்பும் குளிர்காற்று, தென்சீனக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக் கொண்டு வருகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் மக்கள் ஆண்டுதோறும் அதற்குத் தயாராக இருப்பார்கள். மேற்குக் கரையில் இருக்கும் நமக்குத் தித்திவங்சா மலைத்தொடர் ஒரு மதில் மாதிரி. அந்தத் தைரியத்தில்தான் நாம் இருந்தோம். 2021இல் ஒரு தாழ்வு மண்டலம் தீபகற்பத்தின் குறுக்கே நுழைந்து இந்தப் பக்கம் வந்தது. மதில் உதவவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதே பருவம்தான் மழை தருகிறது. ஆகவே இந்தத் தேதிகள் ஒன்றாக வந்து விழுந்தது தற்செயல். இந்தப் பருவத்தில் இப்படி நடப்பது தற்செயல் இல்லை. பூமியின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், காற்று ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்கிறது அறிவியல். அதாவது, நம் தாத்தா பார்த்த மழையை அளவுகோலாக வைத்து, நாளைய மழையை எடை போட முடியாது. "பார்க்காத தண்ணியா?" என்று என் சித்தப்பா கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான். ஆமாம், பார்க்காத தண்ணீர்தான்.

சரி, மழையை நம்மால் நிறுத்த முடியாது. எதை நிறுத்த முடியும்? இரண்டு ரயில்களின் கதையைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துக் கொண்டு போயிருந்தது. ரயிலில் சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கூடத்திற்குப் போனார்கள். மற்றவர்கள் சுற்றிலும் தண்ணீர் சூழ, 19ஆம் தேதி வரை அங்கேயே சிக்கிக் கிடந்தார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்து மக்கள், தங்கள் வீடுகளும் தண்ணீரில் இருந்த வேளையிலே, உலை வைத்துச் சோறு கொண்டு போய்க் கொடுத்தார்கள். பசித்தார்கள், பயந்தார்கள், ஆனால் பிழைத்தார்கள். ரயில் நின்றதால் பிழைத்தார்கள்.

இன்னொரு ரயில், 1964ஆம் ஆண்டில். தேதி நான்கு நாள் தள்ளி, டிசம்பர் 22 இரவு. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயில். புயலில் சிக்னல் விழவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து விட்டு, ரயில் மெதுவாக முன்னே போனது. கடல் எழுந்து வந்து அதை மூடியது. பயணம் செய்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

ஹால்சியின் கப்பல்களுக்கும் இதே பாடம்தான். அந்தப் புயலுக்குப் பிறகு, தளபதி நிமிட்ஸ் 1945 பிப்ரவரியில் கடற்படை முழுவதற்கும் ஒரு கடிதம் எழுதினார். தூரத்தில் இருந்து எச்சரிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கண் முன்னே தெரியும் காற்றையும் கடலையும் காற்றழுத்தமானியையும் பாருங்கள், செய்ய முடிகிற நேரத்திலேயே செய்து விடுங்கள் என்பது அதன் சாரம்.

இது நமக்குத் தெரியாத பாடமா? நம் பாட்டன் பாட்டி ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். எங்கள் சுங்கை பூலோ, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த ஊர். தோட்டத்து ஆபீசுக்குப் பக்கத்தில் மழை அளக்கும் குழாய் ஒன்று இருக்கும். காலையில் கிராணி அதைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து நிற்பவர்கள் மரப்பட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பட்டை நனைந்திருந்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. அன்றைய கூலியும் போச்சு. வானத்தைப் படிக்காமல் அவர்களால் ஒரு நாள்கூடப் பிழைக்க முடியவில்லை. தாமான் வீட்டுக்குக் குடிவந்த நாம், கைத்தொலைபேசியில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வந்தாலும், விரலால் தள்ளி விட்டு அடுத்த படத்தைப் பார்க்கிறோம்.

அதிகாரிகளைக் கேள்வி கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கால்வாய் ஏன் அடைத்தது, நீர் இறைக்கும் இயந்திரம் ஏன் ஓடவில்லை, படகு ஏன் தாமதமாக வந்தது என்று கேட்கத்தான் வேண்டும். அது நம் உரிமை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க நாம் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

அதனால் இந்தப் பருவத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டுக்கு முன்னால் இருக்கும் கால்வாய்ச் சுவரில் சாயத்தால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் புறப்பட வேண்டும் என்று, வெயில் அடிக்கும் நாளிலேயே குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மழை கொட்டும் நேரத்தில் வாதம் செய்ய நேரம் இருக்காது. பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், மருந்து எல்லாம் ஒரே பையில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். பத்திரம் தொலைந்து அலைந்தவர்களின் வேதனை நம் சமூகத்திற்குப் புதிதல்ல. கிளம்பும் முன் மின்சார மெயின் சுவிட்சை அடைத்து விடுங்கள்.

என் சித்தப்பா இப்போது அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறார். சிவப்புச் சாயத்தில், கால்வாயின் பாதி உயரத்தில். "ரொம்பக் கீழே போட்டுட்டீங்களே" என்று கேட்டேன். "பத்துத் தடவை சும்மா கிளம்பிப் போனாலும் பரவாயில்லம்மா, ஒரு தடவை கிளம்பாம இருந்துடக் கூடாது" என்றார்.

ஒவ்வொரு டிசம்பரிலும், மழை இரண்டாம் நாளும் விடவில்லை என்றால், செய்தி வாசிக்கப் போகும் முன் நான் அவருக்குப் போன் செய்கிறேன். நீங்களும், தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு அந்த ஒரு போனைச் செய்யுங்கள்.