சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரும் நமது கடமையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவிலே ஒரு பெரியாரின் வாழ்வை நினைவுகூர்ந்து பேசும்படி எம்மைப் பணித்தமைக்கு முதற்கண் நன்றி கூறுகின்றோம். ஞானியரையும் புலவரையும் நாம் அடிக்கடி நினைக்கின்றோம். அது தக்கதே. ஆயின் நமக்கு அகரம் எழுதப் பழக்கிய உபாத்தியாயினியையும், அந்தி நேரத்தில் விளக்கேற்றி வைத்து நம்மைப் பாடம் சொல்லப் பண்ணிய பாட்டியையும் மேடையேறி நினைப்பது அரிது. ஆகவே இன்று ஓர் உபாத்தியாயினியின் வரலாற்றைச் சொல்ல விழைகின்றோம். அவர் வயிற்றிலே பிள்ளை பிறக்கவில்லை. எனினும் ஒரு தலைமுறைக்கே பாட்டியாக வாழ்ந்து மறைந்தார். சென்னையிலே பிறந்த ஆர். எஸ். சுப்பலட்சுமி அம்மையார்தாம் அவர்.

வாழ்க்கை வரலாறு எழுதுவது நமது கரைக்குப் புதிதன்று. கற்பிட்டியிலே 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள், தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடித் தொகுத்து 1859ஆம் ஆண்டில் 'தமிழ் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டார்கள். பிறர் மறந்துவிடுவதற்கு முன்னே எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் நமது மண்ணிலேயே தோன்றியிருக்கின்றது. அந்த எண்ணத்தின் வழியே இவ்வரலாற்றையும் கேட்பீர்களாக.

சுப்பலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18ஆம் திகதி மயிலாப்பூரிலே பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. ஒன்பதாவது வயதிலே, செங்கற்பட்டு மாவட்டத்தில் நடந்த நான்காம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். அக்கால வழக்கப்படி சிறு பிராயத்திலேயே விவாகம் செய்து வைத்தார்கள். விவாகம் நடந்த சிறிது காலத்துள் கணவர் இறந்துபோனார். பொம்மை வைத்து விளையாடும் வயதிலே அக்குழந்தை விதவையாயிற்று.

அந்நாளில் அச்சமூகத்தில் விதவையான பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். தலைமயிரை மழிப்பார்கள். நகைகளைக் களைவார்கள். ஒரு வேளை உணவோடு நிறுத்துவார்கள். விசேட வீடுகளில் அவள் முகத்திலே விழிப்பது அபசகுனம் என்பார்கள். குழந்தைக்கும் இதுவே விதி. கிழவிக்கும் இதுவே விதி. அடுப்படியின் இருட்டிலே ஓர் ஆயுட்காலம் கழிந்துவிடும்.

சுப்பலட்சுமியின் பெற்றோர் அந்த இருட்டுக்குத் தம் மகளைக் கொடுக்கவில்லை. தந்தையார் வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். ஊர் ஏசியது, உறவினர் முகஞ் சுளித்தனர். அவர்களோ மகளின் படிப்பை நிறுத்தினார்களில்லை. மாநிலக் கல்லூரியிலே பயின்று 1911ஆம் ஆண்டில் அம்மையார் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்திலே பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்று அவரைக் குறிப்பிடுவர்.

மிஷன் பள்ளியிலே படித்த எம்மைப் போன்றோருக்கு இவ்விடத்தில் ஒரு பாடம் உண்டு. 'கன்னியர் மடத்துப் பள்ளியிலே படித்தால் பிள்ளை நம் கோயிலை மறந்துவிடும்' என்று அஞ்சும் பெரியோர் இன்றும் உளர். அம்மையார் அப்பள்ளியிலே கண்டது யாது? குடும்பம் இல்லாத பெண்களும் ஊருக்குப் பயன்பட வாழலாம் என்பதைக் கண்டார். அதனை எடுத்துக்கொண்டு தம் வீட்டுக்கே திரும்பி வந்தார். தம் சமயத்திலும் ஆசாரத்திலும் உறுதியாக நின்றார். அவரை மக்கள் 'சகோதரி' என்றே அழைக்கலாயினர். நல்லது எவ்விடத்தில் இருந்தாலும் கற்று, அதனைத் தன் இல்லத்துக்குக் கொண்டு வருபவனே உண்மையான மாணவன்.

பட்டம் பெற்றவர் உத்தியோகம் பார்த்துச் சுகமாக இருந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1912ஆம் ஆண்டில், எழும்பூரிலே தம் பெற்றோர் வாழ்ந்த வீட்டில், விரல்விட்டு எண்ணத்தக்க சில இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டார். சாரதா மகளிர் சங்கத்தையும் தொடங்கினார். கல்வி அதிகாரியாயிருந்த லிஞ்ச் என்னும் ஐரோப்பிய மாது துணை நின்றார். விதவையாயிருந்த சிற்றன்னை வாலாம்பாள் அம்மையார் அந்த இல்லத்தில் தாயைப் போல் நின்று பணியாற்றினார். அந்தச் 'சித்தி'யின் கையால் உண்டு, அந்தச் 'சகோதரி'யிடம் எழுத்தறிந்தார்கள் அப்பிள்ளைகள்.

இல்லத்திலே பிள்ளைகள் பெருகியபோது பெரிய இடம் தேவைப்பட்டது. சென்னைக் கடற்கரையிலே ஐஸ் ஹவுஸ் என்றொரு பழைய கட்டடம் உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டளவில் அதனைக் கட்டினார்கள். சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு ஜனவரியிலே கொழும்பில் வந்திறங்கி, கண்டி, அநுராதபுரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் நம் மக்களுக்கு உபதேசித்து, அப்பாற் சென்னை சென்றபோது ஒன்பது நாட்கள் தங்கியதும் அம்மாளிகையிலேதான். 1917ஆம் ஆண்டு அரசாங்கம் அதனை வாங்கியது. சுவாமிகள் தங்கிய அவ்விடத்திலே, உலகம் ஒதுக்கிய பெண்கள் கூடியிருந்து படித்தார்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம் என்ற பெயரோடு விளங்குகின்றது. அதன் முன்னே கடல். அருகே மீனவர் குப்பங்கள். நம் ஊரைப் போலவே காற்றும் உப்பும் நிறைந்த இடம்.

அன்பர்களே, அம்மையாரின் பெருமை எதிலே இருக்கின்றது? ஏழைப் பெண்களுக்குச் சோறு போட்டார் என்பதிலா? சோறு போட்டவர் நம் நாட்டிலே பலர் உண்டு. அவர் கருதியது இது: இரக்கப்பட்டு ஒருத்தியைக் காப்பாற்றினால் அவள் என்றும் பிறர் இரக்கத்திலேயே வாழ்வாள். அவளை ஆசிரியையாக்கினாலோ, அவள் முன் ஊரே கைகட்டி நிற்கும். எவளுடைய முகத்திலே விழிக்கலாகாது என்றார்களோ, அவளிடமே தம் குழந்தையை ஏடு தொடங்குவதற்குக் கொண்டு வருவார்கள். அபசகுனம் என்ற சொல்லை வாதாடி ஒழிப்பது கடினம். ஒரு கரும்பலகையின் முன் அப்பெண்ணை நிறுத்திவிட்டால் அச்சொல் தானே ஒழிந்துபோம்.

அதனாலேதான் 1922ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது அம்மையார் அதன் முதல் அதிபராகப் பொறுப்பேற்றார். இல்லத்திலே படித்து வெளிவந்த பெண்கள் ஆசிரியைகளானார்கள். ஊர்களுக்குச் சென்று பள்ளிகளிலே பணியாற்றினார்கள். 1927ஆம் ஆண்டில் சாரதா வித்தியாலயம் எழுந்தது. பிற்காலத்தில் இராமகிருஷ்ண மிஷன் அதனை ஏற்று நடத்தலாயிற்று. பெண்ணுக்குப் 14 வயது, ஆணுக்கு 18 வயது நிரம்பாமல் விவாகம் செய்யலாகாது என்று 1929ஆம் ஆண்டிலே சாரதா சட்டம் வந்தது. அச்சட்டத்துக்கு ஆதரவாகவும் அம்மையார் குரல் கொடுத்தார். தம் வாழ்வை முறித்த வழக்கம் இன்னொரு குழந்தையை முறிக்கலாகாது என்பதே அன்னாரின் எண்ணம்.

ஒரு குறையும் சொல்லப்படுவதுண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கென்றே நடந்தது. கட்டுப்பாடு மிகக் கடுமையாயிருந்த இடத்திலேயே அம்மையார் முதலிற் கை வைத்தார் என்று சிலர் சமாதானம் கூறுவர். பெற்றோர் நம்பிப் பிள்ளையை அனுப்ப வேண்டுமாயின் ஆசாரம் காக்கவேண்டியிருந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் அக்காலத்துச் சாதிக் கட்டு அவரையும் கட்டியே வைத்திருந்தது. பெரியோர் திறந்த கதவு சிறிதாயிருந்தால் அதனை அகலத் திறப்பது பின்வந்தோர் கடமை. குறை கூறிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவது கடமையாகாது.

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பின்னர் மனிதர் திண்ணையிலே சாய்ந்திருப்பது வழக்கம். அம்மையாருக்கோ 1942ஆம் ஆண்டிலே, ஐம்பத்தாறு வயதை எட்டும் வேளையிலே, இன்னொரு பள்ளி தொடங்கத் தோன்றியது. படிப்பை இடையில் விட்ட, வயது வந்த பெண்களுக்காக மயிலாப்பூரிலே ஸ்ரீ வித்தியா கலாநிலையம் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் அங்கம் வகித்தார். எழுபது வயதை அடைந்தபோது மயிலாப்பூரில் வித்தியா மந்திர் பள்ளி தோன்றவும் துணை நின்றார். இந்திய அரசாங்கம் 1958ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதளித்தது. 1966ஆம் ஆண்டில் மோனிக்கா ஃபெல்டன் என்னும் ஆங்கில மாது அவரது வரலாற்றை நூலாக எழுதினார். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் திகதி, வைகுண்ட ஏகாதசித் திருநாளிலே, 83 வயதில் அம்மையார் காலமானார். அவரிடம் படித்தவர்கள் அவருக்குப் பிள்ளைகள். அவர்களிடம் படித்தவர்கள் பேரப்பிள்ளைகள்.

இனி நம் கரைக்கு வருவோம். தலை மழிக்கும் வழக்கம் இங்கு இல்லை; அதற்காக நாம் பெருமைப்படலாம். ஆயின் முற்றாகப் பெருமைப்பட முடியுமா? கடலை நம்பி வாழும் ஊர்களிலே, விடியலிற் போன தோணி திரும்பாத நாட்களும் உண்டு. அன்றோடு ஓர் இளம் பெண்ணின் வாழ்வு மாறிவிடுகின்றது. அவள் கருவாடு காயப் போடுகின்றாள். இறால் கோது உடைக்கின்றாள். அல்லது குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகின்றாள். அக்குழந்தையை வளர்ப்பவள் பாட்டி. இவ்வூர்ப் பாட்டிமார் எத்தனை பேர் இரண்டாம் முறை தாயாகியிருக்கின்றார்கள் என்பதை இச்சபையிலுள்ள எல்லோரும் அறிவோம்.

உழைப்பிலே அவளுக்கு நாம் இடம் கொடுக்கின்றோம். மங்கல காரியத்திலே கொடுக்கின்றோமா? கலியாண வீட்டிலே அவள் பின்கட்டில் நிற்கின்றாள். நிறைகுடம் வைக்கும்போதும், ஆரத்தி எடுக்கும்போதும், மேடையிலே குத்துவிளக்கு ஏற்றும்போதும் அவளை யாரும் அழைப்பதில்லை. அவளும் ஒதுங்கிக் கொள்கின்றாள். ஒதுங்கிப் பழகியவளை நாம் அடக்கமானவள் என்று மெச்சுகின்றோம்.

உடப்பிலே ஆடி மாதத்தில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கின்றோம். திரௌபதை யார்? நிறைந்த சபையிலே தனியாக நின்று, பெரியோரைப் பார்த்து நீதி கேட்டவள். அப்படிப்பட்ட பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடும் மக்கள், தம் வீட்டுப் பெண்ணைச் சபையின் பின்வரிசையிலே நிற்க வைப்பது பொருந்துமா? இதனைப் பெரியோர்கள் நிந்தையாகக் கொள்ளலாகாது. உங்கள் பிள்ளைகள் உங்களிடம் கேட்கும் கேள்வியாகவே கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்பதோடு நிற்பது இளைஞருக்கு அழகன்று. ஆகையால் மூன்று காரியங்களை இம்மன்றத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, அடுத்த ஆண்டு விழாவிலே மங்கல விளக்கை ஏற்றும்படி, கணவனை இழந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு தாயை அழைப்போம். அதற்குப் பணம் வேண்டாம். துணிவு மாத்திரம் போதும்.

இரண்டாவது, படிப்பை இடையில் விட்ட பெண்களுக்காக மன்ற மண்டபத்திலே மாலை வகுப்பு நடத்துவோம். பல்கலைக்கழகத்திலே படிக்கின்ற நாமெல்லோரும் விடுமுறையில் ஊருக்கு வருகின்றோம். வந்து வாசிகசாலையிலே பத்திரிகை புரட்டுகின்றோம். அந்நேரத்தில் ஒருவர் கணிதமும் ஒருவர் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தால், சாதாரண தரப் பரீட்சைக்கு அவர்கள் வெளியிலிருந்தே தோற்றலாம். அவர்களிலே ஒருத்தி முன்பள்ளியிலோ அறநெறிப் பாடசாலையிலோ ஆசிரியையாக நின்றால் போதும். மற்றவர்களுக்கு வழி பிறந்துவிடும். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விடக்கூடும். இவ்வூர் ஆசிரியை போகமாட்டாள்.

மூன்றாவது, நம் ஊர்களிலே எழுத்தறிவித்த உபாத்தியாயர், உபாத்தியாயினிமார், பாட்டிமார் ஆகியோரின் வரலாறுகளை, அவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு, ஆண்டுக்கு ஒன்றாக இம்மலரிலே எழுதி வைப்போம். கற்பிட்டியிலே பிறந்தவர் புலவர்களுக்குச் செய்ததை, நாம் நம் ஆசிரியர்களுக்குச் செய்வோம்.

கரைவலை இழுப்பதை நாமெல்லோரும் அறிவோம். கயிற்றைப் பிடிக்க வந்த எவரையும் பார்த்து, 'நீ பிடிக்கலாகாது, தள்ளி நில்' என்று கரையிலே யாரும் சொல்வதில்லை. ஒரு கை குறைந்தாலும் வலை கனக்கும். கடலிலே அறிந்த இந்த நியாயத்தைக் கலியாண வீட்டிலும், கோயில் முன்றிலிலும், மன்ற மேடையிலும் நாம் அறிய வேண்டும். சகோதரி சுப்பலட்சுமி அம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.