சிறிதாக்கினால் மட்டும் போதுமா?

(தருமபுரி மாவட்ட அறிவியல், கணித ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



ரோபோ என்றதும் "எங்கள் பள்ளியில் அதற்கான உபகரணப் பெட்டி இல்லையே" என்று பலர் சொல்கிறீர்கள். இன்று நான் பேசப்போவதற்குப் பெட்டி வேண்டாம். ஒன்பதாம் வகுப்பு அளவியலில் வரும் கனச்சதுரம் போதும். பக்கத்தைப் பாதியாக்கினால் புறப்பரப்பு நான்கில் ஒன்றாகும், கன அளவு எட்டில் ஒன்றாகும். ரோபோ ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவது இந்தக் கணக்கோடுதான்.

ஆழ்துளைக் கிணறு தெரியாத பிள்ளை நம் மாவட்டத்தில் உண்டா? 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் அருகே அப்படியொரு கிணற்றில் விழுந்த 3 வயதுச் சிறுவனை, மதுரை மணிகண்டன் உருவாக்கிய கருவி உயிரோடு மீட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் பல குழுக்கள் முயன்றும் 2 வயதுக் குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. "இன்னும் சிறிய ரோபோ செய்திருக்கலாமே சார்?" என்று மாணவர் கேட்பார்கள். கேட்கட்டும். கருவியை எல்லாப் பக்கமும் பாதியாக்கினால் அதன் மோட்டாரின் திருப்புவிசை ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். குழந்தையின் எடையோ குறையாது. தூக்கும் வேலையை மேலே உள்ள கயிற்றிடம் விட்டுவிட்டு, பிடிக்கும் வேலையை மட்டும் கருவிக்குத் தருவது இதற்கு ஒரு வழி. (கைவிட்ட கிணற்றை மூடுவது எந்த ரோபோவையும் விட மலிவு. அதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுங்கள்.)

2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய பிரக்யானின் நிறை 26 கிலோ, வேகம் நொடிக்கு 1 செ.மீ. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் என்பதால் கணக்கே வேறு. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக்கில் படித்து வந்தவர்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழுவினர் செய்திருப்பது கண்ணுக்கே தெரியாதது. சிலிக்கான் டை ஆக்சைடால் ஆன சுருள், அதன் மேல் இரும்புப் பூச்சு, அவ்வளவுதான். மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. வெளியே காந்தப்புலத்தைச் சுழற்றினால் சுருளும் சுழன்று முன்னேறும். பிடுங்கிய பற்களின் நுண்குழல்களுக்குள் 2 மி.மீ. ஆழம் வரை இவற்றைச் செலுத்தி, வெப்பத்தால் பாக்டீரியாவைக் கொல்ல முடியும் என்று 2022இல் காட்டினார்கள்.

ஏன் துடுப்பு வைக்காமல் திருகாணி வடிவம்? அந்த அளவில் எடை ஒரு பொருட்டே அல்ல, திரவத்தின் பாகுநிலைதான் எல்லாம். துடுப்பை ஒரே பாதையில் முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் இதை 1977இல் அழகாக விளக்கினார்.

வகுப்பில் காட்டுவது எளிது. ஒரு டம்ளரில் தண்ணீர், இன்னொன்றில் கெட்டியான வெல்லப்பாகு. இரண்டையும் கரண்டியால் கலக்கிவிட்டுக் கையை எடுங்கள். தண்ணீர் சற்று நேரம் சுழன்றுகொண்டிருக்கும், பாகு அப்போதே நின்றுவிடும். நுண் ரோபோவுக்குத் தண்ணீரே வெல்லப்பாகுதான். அடுத்து, ஆறிய ராகிக் களியில் ஒரு திருகாணியைச் சுழற்றி இறக்கச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள்.

பிறகு ஒரு வேலை கொடுங்கள். 6 அங்குல பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி, அடியில் ஒரு கிலோ அரிசிப் பையை வையுங்கள். அட்டை, கம்பி, நூல் இவற்றை மட்டும் கொண்டு பையைப் பிடித்து மேலே கொண்டுவர வேண்டும். செய்து முடித்ததும் 4 அங்குலக் குழாயைக் கொடுங்கள். எந்தக் குழு எதை மாற்றியது, எது உடைந்தது என்று குறித்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.