கோட்டுக்கு வெளியே நிற்பவர்



கால்பந்து ஆட்டம் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் 11 பேர். எதிர்ப் பக்கம் 11 பேர். நடுவில் ஒரு பந்து. 45 நிமிடம் ஆடுவார்கள். 15 நிமிடம் இடைவேளை. மறுபடியும் 45 நிமிடம்.

எல்லோருடைய கண்ணும் பந்தின் மேல்தான் இருக்கும். கொஞ்சம் மைதானத்தின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒருவர் நிற்பார். கையைக் காட்டுவார். உரக்கக் கத்துவார். ஆனால் ஆட்டம் நடக்கும்போது அவர் உள்ளே வர முடியாது. ஒரு பந்தைக்கூட உதைக்க முடியாது. அவர்தான் பயிற்சியாளர். கோச் என்றும் சொல்வார்கள்.

நம் நாட்டுக்குப் பெண்கள் கால்பந்து அணி ஒன்று உண்டு. அதன் பயிற்சியாளர்களைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு.

பயிற்சியாளருக்கு என்ன வேலை? ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய போட்டிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை அழைத்துப் போவார்கள். களத்தில் இறங்குவது 11 பேர்தான். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார வேண்டும். பல மாதம் உழைத்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "இன்றைக்கு நீ வெளியே இரு, அம்மா" என்று சொல்ல வேண்டும். அவள் முகம் வாடும். அவள் மனம் உடையாமல் பார்த்துக்கொள்வதும் பயிற்சியாளர் பொறுப்புதான்.

மொழியும் ஒரு சிக்கல். ஒரு பெண் மணிப்பூரிலிருந்து வருவாள். இன்னொருத்தி ஒடிசாவிலிருந்து. இன்னொருத்தி அரியானாவிலிருந்து. தமிழ்நாட்டிலிருந்தும் வருவார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். இத்தனை பேருக்கும் ஒரே விஷயம் புரிய வேண்டும். கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம், மீதி சைகை!

உடம்பு விஷயமும் உண்டு. ரத்தசோகை இருந்தால் 90 நிமிடம் ஓட முடியாது. மாதவிலக்கு நாளில் வயிற்று வலி இருக்கும். அதை யாரிடம் சொல்வது? ஓர் ஆணிடம் சொல்லப் பல பெண்கள் கூசுவார்கள். வலியை மறைத்துக்கொண்டே ஓடுவார்கள். அணியில் பெண் பயிற்சியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

மேலாளர் என்று இன்னொருவர் இருக்கிறார். நம் ஊரில் மேனேஜர் என்போம். பயணச் சீட்டு, பாஸ்போர்ட், தங்கும் அறை, சாப்பாடு, இவையெல்லாம் அவர் பொறுப்பு. இங்கிலாந்து நாட்டில் பயிற்சியாளரையே மேனேஜர் என்பார்கள். செய்தித்தாள் படிக்கும்போது குழம்ப வேண்டாம்.

இனி நம் அணியின் கதைக்கு வருவோம். 1975ஆம் ஆண்டில் பெண்கள் கால்பந்துக்கு ஒரு சம்மேளனம் தொடங்கினார்கள். பெண்கள் அரைக்கால் சட்டை போட்டு விளையாடுவதா என்று பலர் முகம் சுளித்த காலம் அது. அப்போது பெண்களுக்குப் பயிற்சி தர முன்வந்தவர் சுஷில் பட்டாச்சார்யா. கொல்கத்தாவில் ஆண்கள் அணிக்குப் பயிற்சி தந்து பெயர் பெற்றவர். அவரே இந்தியப் பெண்கள் அணியின் முதல் பயிற்சியாளர். அவரிடம் ஆட்டம் கற்ற சாந்தி மல்லிக் 1983இல் அர்ஜுனா விருது வாங்கினார். கால்பந்துக்காக அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

1980இல் கோழிக்கோட்டில் ஆசியப் போட்டி நடந்தது. இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 1983இலும் இரண்டாம் இடம். நல்ல தொடக்கம், இல்லையா? ஆனால் பிறகு அணியைக் கவனிக்க ஆள் இல்லை. வெளிநாட்டு அணிகளோடு ஆட்டம் ஏற்பாடு செய்யவில்லை. 2009இல் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே இந்தியாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். காரணம் தோல்வி அல்ல. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓர் ஆட்டம்கூட ஆடாததுதான் காரணம். ஆட்டமே இல்லாவிட்டால் பயிற்சியாளர் இருந்தும் என்ன செய்வார்?

2017ஆம் ஆண்டு ஒரு மாற்றம் வந்தது. கோவாவைச் சேர்ந்த மேமோல் ராக்கி தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவரும் இந்திய அணிக்கு ஆடியவர். இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். 1975க்கும் 2017க்கும் நடுவே 42 வருடம்! அத்தனை வருடத்தில் எத்தனை பெண்கள் ஆடி ஓய்ந்திருப்பார்கள்? அவர்களில் ஒருவரைக்கூடத் தலைமைப் பொறுப்புக்குக் கூப்பிடவில்லை. இது ஒரு குறைதான்.

மேமோல் ராக்கி காலத்தில் இந்தியா ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் முதல் முறையாக இரண்டாம் சுற்றுக்குப் போனது. 2019இல் நேபாளத்தில் தெற்காசியக் கோப்பையை வென்றது. அதே வருடம் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கப் பதக்கமும் வாங்கியது. 2021இல் அவர் பதவியிலிருந்து விலகினார்.

பயிற்சியாளர் ஆவதற்குப் படிப்பு உண்டு. ஆசியக் கால்பந்து அமைப்பு சான்றிதழ் தருகிறது. படிப்படியாக மேலே போக வேண்டும். உடல் பலம் மட்டும் போதாது. இன்றைக்கு என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், யார் எங்கே நிற்பது என்று எழுதிக் காட்ட வேண்டும். ஆடுகிற பெண்ணுக்குக் காலில் பலம் குறைந்த பிறகும் பிழைக்க ஒரு தொழில் இது. சம்பளம் வரும். மரியாதையும் வரும்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. சுவீடன் நாட்டுக்காரரான தாமஸ் டென்னர்பி அப்போது பயிற்சியாளர். முதல் ஆட்டம் ஈரானோடு. யாரும் கோல் போடவில்லை. அதற்குள் அணிக்குள் கொரோனா புகுந்தது. அடுத்த ஆட்டத்துக்கு வேண்டிய அளவு ஆளே இல்லை. போட்டியிலிருந்து இந்தியா வெளியேற நேர்ந்தது. சொந்த மண்ணில், ஆடாமலே!

அதன்பின் பயிற்சியாளர்கள் அடிக்கடி மாறினார்கள். மணிப்பூரைச் சேர்ந்த சவோபா தேவி வந்தார். போனார். வேறு சிலரும் வந்தார்கள், போனார்கள். வருடத்துக்கு ஒரு வாத்தியார் மாறினால் பிள்ளைகள் எப்படிப் படிக்கும்?

2025இல் கிறிஸ்பின் சேத்ரி பொறுப்பில் இருந்தார். அவருக்குத் துணைப் பயிற்சியாளர் கேரளத்தைச் சேர்ந்த பி.வி. பிரியா. ஆசியக் கோப்பைக்கான தகுதிப் போட்டி தாய்லாந்தில் நடந்தது. மங்கோலியாவை 13 கோல் போட்டு வென்றார்கள். கிழக்குத் திமோரை 4 கோல். ஈராக்கை 5 கோல். எதிரணிகளுக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை.

கடைசி ஆட்டம் ஜூலை 5ஆம் தேதி. எதிரே தாய்லாந்து. அது அவர்கள் சொந்த ஊர். உலகக் கோப்பையில் இரண்டு முறை ஆடிய அணி. சங்கீதா பாஸ்ஃபோர் முதல் கோலைப் போட்டார். இடைவேளை வந்தது. இந்தியா முன்னிலை. ஆனால் இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் தாய்லாந்து ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. இந்த நேரத்தில்தான் அணி கலங்கும். இந்தியப் பெண்கள் கலங்கவில்லை. 74ஆம் நிமிடம் சங்கீதா மறுபடியும் கோல் போட்டார். 2க்கு 1.

மீதி நேரம் முழுக்க பந்தைத் தடுத்துத் தடுத்து அனுப்பினார்கள். கடைசி விசில் ஊதியது. தகுதிப் போட்டியில் வென்று ஆசியக் கோப்பைக்குப் போவது இந்தியப் பெண்களுக்கு அதுவே முதல் முறை. விசில் ஊதிய பிறகு, கோட்டுக்கு வெளியே நிற்பவர்களும் உள்ளே போகலாம்.