"ஸ்டாக் இருக்கா சார்?"

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கோவைப் பக்கம் பம்ப் தொழிற்சாலைகளில், பிளானிங் பிரிவில் பல ஆண்டுகள் காலம் தள்ளியவன் நான். அங்கே தினமும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான்: "ஸ்டாக் இருக்கா சார்?" திரையில் பேரிங் 400 என்று காட்டும். உடனே "இருக்கு" என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. அதில் 350 வேறு ஆர்டர்களுக்குப் போக வேண்டியது, மீதி 50. வருகிற 20ஆம் தேதி 300 வரும் என்றால், அதிலும் மாதக் கடைசி ஆர்டருக்கு 180 ஒதுக்கியாயிற்று. ஆக, புதிதாக ஒருவர் 200 கேட்டால், இன்று 50, 20ஆம் தேதி 120. பாக்கி 30 இல்லை. வாக்குக் கொடுக்கக்கூடிய இருப்பு இதுதான். தேதி சொல்லாமல் இருப்பைச் சொல்வது, பஸ் எப்போ வரும் என்று கேட்டவரிடம் "பஸ் இருக்கு" என்பது போல!

இந்தக் கணக்கை மென்பொருள் நொடியில் போட்டுவிடும். பொருள் தேவைத் திட்டமிடலைப் பற்றி ஜோசப் ஓர்லிக்கி புத்தகம் எழுதியது 1975இல். அடிப்படைக் கணக்கு இன்றும் அதேதான். ஆனால் சரக்கு வர எத்தனை நாள், பாதுகாப்பு இருப்பு எவ்வளவு என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பது நாம்தானே?

ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்) மெக்கானிக்கல் சீலை உள்ளூரில் வாங்கிய காலத்தில் 14 நாள் என்று பதிந்திருந்தார்கள். பிறகு அது கப்பலில் வர ஆரம்பித்தது, 45 நாள். பதிவை யாரும் தொடவில்லை. மென்பொருள் சமர்த்தாக, தேவைக்கு 14 நாள் இருக்கும்போதுதான் "வாங்கு" என்றது. அசெம்பிளி லைன் நின்றது. எங்களுக்கெல்லாம் சம்பளம் வந்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்களிடம்தான் "நாளையிலேர்ந்து வராதீங்க, சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். கூட்டத்தில் "கம்ப்யூட்டர் தப்பு" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஒப்புதலில்லை.

பாதுகாப்பு இருப்பைக் கூட்டினால் போதாதா என்பீர்கள். 31 நாள் இடைவெளியை அதைக் கொண்டே அடைத்தால் பணம் எவ்வளவு முடங்கும்?

வேலைக்குப் போகப்போகும் தம்பி தங்கையரே, முதல் வாரமே முக்கியமான பொருள்களின் கடைசி ஐந்து கொள்முதலை எடுங்கள். ஆர்டர் போட்ட தேதி, சரக்கு வந்த தேதி, இடையில் எத்தனை நாள் என்று எண்ணித் திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஸ்டோர்ஸ்காரரிடமும் கேளுங்கள். தரப் பரிசோதனைக்காக மூலையில் கிடக்கும் பெட்டிகள் அந்த 400இல் சேர்த்தியா என்று அவர் சொல்வார்.