பலக்நுமாவில் ஒரு விருந்து
(ராஜபாளையம் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



ஸ்ரீவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் அரண்மனை இருக்கிறது. அதில் கோர்ட்டு நடந்தது. வாய்தாவுக்கு அலைந்த விவசாயிகள் அதன் தூண்களை நன்கு அறிவார்கள். ஐதராபாத் பலக்நுமா அரண்மனைக்கு வாய்த்த யோகம் வேறு. பைகா பிரபு விகார்-உல்-உம்ரா 1884-ல் கட்டத் தொடங்கி, பின்பு நிஜாம் கைக்குப் போன அந்த மாளிகை 2010-ல் தாஜ் ஹோட்டலாயிற்று. அங்கே 101 பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து உண்ணும் மேஜை ஒன்று உண்டு. 2017 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்பின் மகள் இவாங்காவுக்குப் பிரதமர் மோடி விருந்தளித்தது அந்த அரண்மனையில்தான்.

1971-ல் மன்னர் மானியம் ஒழிந்தது. ராஜபோகமோ ஒழியவில்லை, கட்டணத்துக்குக் கிடைக்கிறது. விருந்தாளியைக் குதிரை வண்டியில் அழைத்து வந்து, ரோஜா இதழ் தூவுகிறார்கள். நல்லது. ஆனால் நிஜாம் ராஜ்யம் என்றால் தெலுங்கானா கிராமங்களின் வெட்டிச்சாகிரியும்தானே? கூலியில்லாமல் சுமந்த ஜனங்கள் 1946 முதல் 1951 வரை நடத்திய ஆயுதப் போராட்டமும் அந்தச் சரித்திரம்தானே? மெனுவில் அது கிடையாது!

இடித்துத் தள்ளச் சொல்லவில்லை. கட்டடம் கொத்தனாரின் கைவேலை. ஹோட்டல் வேலையும் தருகிறது. கேட்டரிங் படித்த நம் பிள்ளைகளும் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறார்கள். எந்த ஹோட்டலானாலும் சரி, லீவில் வரும்போது அவர்களைக் கேளுங்கள்: வேலை எட்டு மணி நேரமா, பதினாலா? விருந்து இரவுக்கு ஓவர்டைம் உண்டா? நிரந்தரமா, காண்டிராக்டா? பதிலை எழுதி வாங்கி யூனியன் ஆபீசில் கொடுங்கள்.